ஸ்டிக்கர் உரிக்க ஓர் அரசாணை வேண்டி

பெறுநர்: மேலாண்மை இயக்குநர், தமிழ்நாடு பாடநூல் மற்றும் கல்வியியல் பணிகள் கழகம், சென்னை.

பொருள்: பாடநூல் ஸ்டிக்கர்கள் – உரிக்கும் முறை – வழிகாட்டு நெறிமுறை வெளியிடக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: சமச்சீர் கல்வி குறித்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பு, நாள் 09.08.2011.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

பார்வையில் கண்ட தீர்ப்பு, பத்தே நாளில் சமச்சீர் கல்வியை நடைமுறைப்படுத்தச் சொன்னது. நூல்களோ முந்தைய தி.மு.க. ஆட்சியில் அச்சானவை. பள்ளி திறந்து இரண்டு மாதம் ஆகியும் புத்தகம் காணாத பிள்ளைகள் இன்னும் கொஞ்சம் பொறுக்கலாம். ஆனால் அவற்றிலிருந்த முந்தைய முதல்வர் கலைஞரின் செம்மொழிப் பாடல் ஒரு நாள்கூடத் தெரியக்கூடாது. ஆசிரியர்கள் சாக்பீஸை வைத்துவிட்டு ஸ்டிக்கரை எடுத்தார்கள். ஸ்டிக்கருக்கு அடங்காததைக் கறுப்பு மை பார்த்துக்கொண்டது. மைக்கும் அடங்காததைக் கிழித்தார்கள்.

இதைப் பற்றிப் பேச எங்கள் விழுப்புரம் மாவட்டத்துக்குத் தனி உரிமை உண்டு. அப்போதைய பள்ளிக் கல்வி அமைச்சர் சி.வி.சண்முகம் திண்டிவனத்தில் இரண்டு முறை வென்றபின் 2011-இல் விழுப்புரத்தில் வென்றவர். அவரிடம் தோற்ற க.பொன்முடி முந்தைய ஆட்சியின் உயர்கல்வி அமைச்சர். ஒட்டிய ஆட்சிக்கும் ஒட்டப்பட்ட ஆட்சிக்கும் ஒரே தொகுதியிலிருந்து ஆள் கொடுத்தவர்கள் நாங்கள்.

குறை ஒன்றுதான். ஒட்ட ஆணையிட்ட துறை, உரிக்க ஆணையிடவில்லை. பிள்ளைகள் நகத்தையும் காம்பஸ் முனையையும் நம்ப வேண்டியதாயிற்று. எனவே வரைவு நெறிமுறை ஒன்றைப் பணிந்து சமர்ப்பிக்கிறேன்:

1. வழவழப்பான அட்டை எனில், முடி உலர்த்தும் கருவியால் இளஞ்சூடு காட்டினால் பசை இளகும். ஒரு மூலையைத் தூக்கி, அட்டையோடு படிந்தாற்போல் மெல்ல இழுக்கவும். அவசரப்பட்டால் அட்டையின் படமும் கூடவே வரும்.

2. மிஞ்சும் பிசுக்குக்கு, பஞ்சில் தொட்ட எங்கள் ஊர் மல்லாட்டை (நிலக்கடலை) எண்ணெய் போதும். சற்று ஊறவிட்டுத் துடைத்து, முகப்பவுடர் தூவி எண்ணெயை உறிஞ்சவிடவும்.

3. உள்பக்கத்தில் எண்ணெய் படவே கூடாது. தாள் நார்களுக்கு இடையிலுள்ள காற்றிடத்தை எண்ணெய் நிரப்பினால், வடை மடித்த காகிதம்போல் ஸ்டிக்கரே கண்ணாடியாகி, அடியிலுள்ள பாடல் தெரிந்துவிடும். தேசிய முக்கியத்துவம் வாய்ந்த இந்த ரகசியத்தைப் பத்தாம் வகுப்பு அறிவியலில் சேர்க்காமலிருக்க வேண்டுகிறேன்.

இன்னொன்றையும் தங்கள் கவனத்துக்குக் கொண்டுவருகிறேன். மனப்பாடப் பகுதி என்று போட்டால் பிள்ளைகள் ஓடுவார்கள். ஸ்டிக்கர் ஒட்டினால் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாவது படிப்பார்கள். ஆகவே, இனி முக்கோணவியல் பாடம் முழுவதற்கும் ஸ்டிக்கர் ஒட்டித் தரவும். தேர்ச்சி விகிதம் உயரும்.

2021-இல் ஒரு கெட்ட முன்னுதாரணம் நிகழ்ந்ததையும் கண்டிக்கிறேன். முந்தைய அ.தி.மு.க. ஆட்சி முதல்வர்களின் படம் போட்ட புத்தகப் பைகளை அப்படியே பிள்ளைகளுக்குக் கொடுக்கச் சொல்லிவிட்டது அரசு. 13 கோடி ரூபாய் மிச்சமாம். பையைத் திறந்து புத்தகத்தை எடுக்கப் படம் இடைஞ்சல் இல்லை என்ற இந்த ஆபத்தான எண்ணம் பரவினால், பசைத் தொழிலை யார் காப்பாற்றுவது?

இப்படிக்கு,
விழுப்புரம் மாவட்டத்து வாக்காளர்

நகல்: எண்ணெய் வித்துகள் ஆராய்ச்சி நிலையம், திண்டிவனம் – அடுத்த ஆட்சி மாற்றத்துக்குத் தேவைப்படும் மல்லாட்டை எண்ணெயின் அளவை முன்கூட்டியே கணக்கிட்டு வைக்கும் பொருட்டு.