போக முடியும், போகலாமா?

ஆங்கில இலக்கண ஆசிரியர் என்னும் இனத்தின் முதன்மை அடையாளம், சிறுநீர் கழிக்க அனுமதி கேட்கும் மாணவனிடம் அவனுடைய உடல்வலிமையைப் பற்றி விசாரிப்பதாகும். ‘கேன் ஐ கோ அவுட், சார்?’ என்று கால்மாற்றி நெளிபவனிடம், ‘உன்னால் போக முடியும், கால் இருக்கிறது, அது கேள்வியா?’ என்று வினவிவிட்டு, ‘மே’ வரும்வரை புன்னகையோடு காத்திருப்பார். வினையோடு சேர்ந்து இயலுதல், இசைவு, கடமை, ஐயம் முதலியவற்றைக் காட்டும் ‘கேன், மே, மஸ்ட்’ போன்ற துணைவினைகளே மோடல் வினைகள் எனப்படுவன. அவற்றுள் ‘கேன்’ இயலுதலுக்கும் ‘மே’ இசைவுக்கும் மட்டுமே உரியவை என்பது அவர் தீர்ப்பு. அவர் வேதமாகப் போற்றும் ரென்–மார்ட்டின் இலக்கணத்தின் திருத்திய பதிப்போ, இசைவுக்கு இரண்டும் வரும், ‘மே’ சற்றே சம்பிரதாயமானது என்று ஒப்புக்கொள்கிறது. அவரிடமுள்ளது அட்டை கிழிந்த பழம்பதிப்பாக இருக்கலாம் (இந்த ‘லாம்’ ஐயப்பொருளது).

தன்மையில் ‘ஷால்’ வெறும் எதிர்காலத்தையும் ‘வில்’ உறுதியையும் குறிக்கும், மற்ற இடங்களில் இது தலைகீழாகும் என்று 1653இல் ஜான் வாலிஸ் லத்தீனில் எழுதிய ஆங்கில இலக்கணத்தில் வகுத்த விதியையும், இங்கிலாந்துக்காரரே பெரிதும் கைவிட்ட பின்னரும் அவர் கைவிடவில்லை. ‘ஐ கேன் ஏபிள் டு’ என்பதைக் கேட்டுக் காதைப் பொத்திக்கொள்வதில் மட்டும் அவர் பக்கம் நியாயம் உண்டு.

ஆயினும் மாணவன் ‘மே’ என்று திருத்தி, ‘ப்ளீஸ்’ சேர்த்து, முழு வாக்கியமாக மூன்றாம் முறை ஒப்பிப்பதற்குள் நனைந்துபோன கால்சட்டைகள் பல. வகுப்பே சிரிக்க நின்ற அந்தச் சிறுவர்களுக்கு இலக்கணம் ஏதும் மனத்தில் பதிந்ததில்லை, அவமானமே பதிந்தது.

வீட்டில் இத்தகையவர் தமிழே பேசுவார். தமிழிலோ ‘லாம்’ என்னும் ஒரே ஈறு இசைவையும் ஐயத்தையும் சேர்த்துச் சுமக்கிறது. மாலையில் சமையலறைப் பக்கம் திரும்பி, ‘இன்னொரு காபி குடிக்கலாமா?’ என்று அவர் இசைவுப்பொருளில் கேட்க, முப்பதாண்டுகளாக இந்தப் பாடத்தைக் காதில் வாங்கிய மனைவி, ‘தாராளமா குடிக்கலாம், போட்டுக்க முடிஞ்சா’ என்று இசைவையும் இயலுதலையும் அதனதன் இடத்தில் வைத்து விடையளிக்கிறார். பிழை காண இயலாத ஆசிரியர், எழுந்து சென்று பாலை அடுப்பில் வைக்கிறார்.