கிரீஸில் வழுக்கிய மாமா

மலேசியாவின் பாயான் பாருவில் ஓர் ஒட்டுக்கடை. ஞாயிற்றுக்கிழமை காலை. மேசையில் இரண்டு தே தாரேக், நடுவில் ஸ்கிரேபல் பலகை. ஒருபுறம், பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் முப்பது வருடம் மெஷின் பார்த்து ஓய்வுபெற்ற மாமா. எதிரே, கல்லூரி விடுமுறைக்கு வந்திருக்கும் அக்காள் மகள். கையிலிருந்த ஏழு கட்டைகளையும் அவள் ஒரே மூச்சில் இறக்கினாள்: கே, ஆர், ஈ, ஈ, எஸ், ஈ, டி.

"என்ன லா இது, கிரீஸ் டப்பாவா? அதுக்கு ஜீதானே போடணும்?"

"மெஷின் கிரீஸ் இல்ல மாமா. கெரிஸ், அந்த மலாய்க் குத்துவாள். கெரிஸால குத்தினான்னு அர்த்தம்."

மாமா வாள் வாளென்று கத்தி அகராதியைக் கேட்டார். (வாளும் கத்தியும் இப்படி அடுத்தடுத்து விழ தமிழில்தான் வாய்ப்பு.) அகராதியோ மருமகள் பக்கம் சாய்ந்தது. எழுத்துகளுக்கு 12, ஏழையும் ஒன்றாக இறக்கியதற்கு 50. வண்ணக் கட்டங்களைக் கணக்கில் சேர்க்காமலே 62 புள்ளி.

மாமாவின் கோபத்தில் நியாயம் உண்டு. கெரிஸ் அவருக்கு அந்நியப் பொருளா என்ன? 1989இல் வெளிவந்த ஒரு வெள்ளி (ரிங்கிட்) நாணயத்தின் பின்பக்கம் உறையோடு படுத்திருந்தது கெரிஸ்தான். 2005 டிசம்பர் 7ஆம் தேதியோடு அந்த நாணயம் செல்லாமல் போனது; மாமாவின் மேசை இழுப்பறையில் மட்டும் இன்னும் நாலைந்து கிடக்கின்றன. அம்னோ கட்சிக் கொடியிலும் கெரிஸ் உண்டு. இத்தனை வருடம் கண்ணெதிரே கிடந்த சாமான், ஆங்கில வேடம் போட்டு வந்ததும் அடையாளம் தெரியவில்லை.

வேடமும் ஒன்றிரண்டல்ல. சாவகத்தில் பிறந்து மலாயில் வளர்ந்த சொல் இது. கப்பலேறி வந்த வெள்ளைக்காரர்கள் ஆளுக்கொரு விதமாகக் காதில் வாங்கி, ஆளுக்கொரு விதமாக எழுதி வைத்தார்கள். 1886இல் வந்த ஹாப்சன்-ஜாப்சன் அகராதியில், சட்டை மடிப்பைக் குறிக்கும் சொல்லின் எழுத்துகளிலேயே இதற்கும் ஒரு பதிவு இருக்கிறது. அந்தத் தப்புகளில் பல இன்று சொற்பலகையில் செல்லுபடியாகும் சரக்கு. நாலெழுத்துச் சுருக்கமான 'கிரிஸ்' 8 புள்ளிதான். கே-யில் தொடங்கி மூன்று ஈ போட்டு இழுத்தால் 10. காது எவ்வளவு மந்தமோ அவ்வளவு லாபம்!

தமிழில் எழுதினால் கதை இன்னும் மோசம். மட்டையாளர் நிற்கும் கோடு கிரீஸ், சாக்ரடீஸின் நாடு கிரீஸ், இஸ்திரி மடிப்பு கிரீஸ், மாமா மெஷினுக்கு இட்டதும் கிரீஸ். இத்தனைக்கும் நடுவில் குத்துவாளை எங்கே செருகுவது?

அசல் கெரிஸின் அழகே தனி. அலகு பாம்புபோல் நெளியும். அந்த நெளிவுக்கு 'லூக்' என்று பெயர். எண்ணிப் பார்த்தால் ஒற்றைப்படையில்தான் வரும். நெளியாத, நேரான கெரிஸும் உண்டு. உறைக்குப் பெயர் 'சாருங்'. இடுப்பில் சுற்றும் சாரோங்கும் அதே சொல்தான். கத்திக்கும் மனிதனுக்கும் ஒரே பெயரில் உடுப்பு! இந்தோனேசிய கெரிஸை யுனெஸ்கோ 2005இல் மானுடப் பாரம்பரியச் சிறப்பாக அறிவித்தது.

இதில் தமிழின் பங்கு என்ன என்று மாமா கேட்கக்கூடும். மலாயில் கேடயத்துக்கு 'பெரிசாய்' என்று பெயர். அது தமிழின் 'பரிசை'. குத்துகிற சொல் அவர்களுடையது, தடுக்கிற சொல் நம்முடையது. தமிழர்களோ பரிசையை மறந்துவிட்டார்கள். கட்டாரி, சுரிகை, பிச்சுவா எல்லாம் சரித்திர நாவலுக்குள் போய் உட்கார்ந்துகொண்டன. அவற்றில் பிச்சுவாவும் இரவல்தான், இந்தித் தேளின் கொடுக்கு.

ஆங்கிலத்திலும் இதே கதைதான். குறுக்கெழுத்துக்காரர்களிடம் 'பழைய குத்துவாள், நாலெழுத்து' என்றால் 'ஸ்னீ' என்பார்கள். குத்து, வெட்டு என்ற இரண்டு டச்சு வினைகள் உருண்டு திரண்டு 'ஸ்னிக்கர்ஸ்னீ' ஆகி, 1885இல் 'மிகாடோ' இசைநாடகத்தில் மேடையும் ஏறியது. அதன் வாலை மட்டும் நறுக்கிக் கட்டத்துக்குள் வைத்திருக்கிறார்கள். யாரும் அதைப் பேசுவதில்லை. ஸ்கிரேபலில் அதற்குக் கிடைப்பது 4 புள்ளி. கெரிஸுக்கு முன்னால் ஸ்னீ வெங்காயம் நறுக்கக்கூட ஆகாது.

தோற்ற மாமாவுக்கு ஓர் ஆறுதல். 2007இல் மும்பையில் நடந்த உலக ஸ்கிரேபல் போட்டியின் இறுதி ஆட்டம்வரை போனவர் ஒரு மலேசியர், கணேஷ் ஆசீர்வாதம். அவரை வென்றவர் நியூசிலாந்தின் நைஜல் ரிச்சர்ட்ஸ். அந்த ரிச்சர்ட்ஸ் 2015இல் பிரெஞ்சு பேசத் தெரியாமலே பிரெஞ்சு ஸ்கிரேபல் பட்டத்தையும் தட்டிச் சென்றார். அர்த்தம் தெரிந்திருக்க வேண்டும் என்று இந்த ஆட்டத்தில் விதியே கிடையாது.

அடுத்த ஞாயிறு மாமா பழிவாங்க வருகிறார். ஆங்கிலப் பெட்டியில் ஈ பன்னிரண்டு இருக்கின்றன. கே ஒன்றே ஒன்றுதான்.