வினிகரில் கால் ஊறவைத்தல்: செகந்திராபாத்தை முன்வைத்து ஓர் ஆய்வு

செகந்திராபாத் பத்மாராவ் நகரிலுள்ள ஸ்கந்தகிரி முருகன் கோயில் வாசலே இவ்வாய்வின் களம். ஹைடெக் சிட்டி வேலைக்காகக் காலையில் மாட்டிய ஷூவை நம்மவர் மாலையில் முதன்முதலாகக் கழற்றுவது அங்கேதான். பக்கத்தில் நிற்பவர் முகத்தைத் திருப்பிக்கொள்வதை முதல்நிலைத் தரவாகக் கொள்ளலாம்.

பாத நாற்றம் அற்ப விஷயம் என்போர் இந்நகரின் வரலாறு அறியாதவர். 1897 ஆகஸ்ட் 20 அன்று ரொனால்ட் ராஸ் கொசுவின் வயிற்றுச் சுவரில் மலேரியாக் கிருமியைக் கண்டது செகந்திராபாத்தில்தான். 1902இல் நோபல் பெற்றார். ஆப்பிரிக்க மலேரியாக் கொசு லிம்பர்கர் சீஸுக்கும் மனிதப் பாத வாடைக்கும் ஒன்றுபோலவே மயங்கும் என்று காட்டியவர்களுக்கு 2006இல் கிடைத்தது நோபலைப் பகடி செய்யும் இக்நோபல் பரிசு. கொசுவின் வயிற்றிலிருந்து மனிதனின் பாதத்துக்கு இறங்க, பரிசுக் கணக்கில், அறிவியலுக்கு 104 ஆண்டு பிடித்திருக்கிறது.

வியர்வைக்கென்று பெரிய நாற்றமில்லை. அதிலுள்ள லியூசினைத் தின்று பாக்டீரியா வெளியேற்றும் ஐசோவலெரிக் அமிலமே மூல காரணம். வினிகரும் அமிலம்தான், 4 முதல் 5 சதவீதம் அசிட்டிக் அமிலம். முள்ளை முள்ளால் எடுக்கும் இச்சிகிச்சைக்கு வினிகர் ஒரு பங்கு, வெதுவெதுப்பான தண்ணீர் இரண்டு பங்கு, கால் மணி நேரம் போதும். பாக்டீரியா ஓரளவு ஒடுங்கும். ஆனால் ஆய்வாளர் மேல் ஊறுகாய் ஜாடி வாடை அடிக்கும். நாற்றம் ஒழியவில்லை, இடம்தான் மாறியது என்பது வீட்டாரின் மறுப்புரை. அதை எளிதில் தள்ளிவிட முடியாது.

சேற்றுப்புண்ணுக்கும் இதுவே மருந்து என்போர் உண்டு, சான்றுதான் போதவில்லை. பூஞ்சைக்கென்று மருந்துக்கடையில் டெர்பினாஃபின் களிம்பு இருக்கிறது. தோலுக்காவது நல்லதா என்றால் அதுவும் தெரியவில்லை: 2019இல் வெளியான ஒரு வர்ஜீனியா ஆய்வில் 22 பேர் ஒரு கையை நீர்த்த ஆப்பிள் சைடர் வினிகரிலும் மறு கையை வெறும் தண்ணீரிலும் தினம் 10 நிமிடம், 14 நாள் ஊறவைத்தனர். தோலின் காப்புத்திறன் கூடவில்லை; பெரும்பாலோருக்கு எரிச்சல்தான் மிச்சம். குதிகால் வெடிப்புள்ளவர் மீதியை ஊகித்துக்கொள்ளலாம். சர்க்கரை நோயாளிகள் இந்தப் பக்கமே வர வேண்டாம்: கால் மரத்திருந்தால் தண்ணீரின் சூடும் தெரியாது, தோல் புண்ணாவதும் தெரியாது. இதில் மட்டும் விளையாட்டில்லை.

ஆகஸ்ட் மழையில் நனைந்த ஷூவை மறுநாளே மாட்டினால் எந்த வினிகரும் காப்பாற்றாது. இரண்டு ஜோடி வைத்து மாற்றி மாற்றிப் போடுங்கள். சாக்ஸைத் தினமும் துவையுங்கள். பாட்டிலில் மிஞ்சிய வினிகரைப் பிரியாணிக்கான வெங்காயத்தில் ஊற்றுங்கள். அங்கே அதன் பயன் ஐயத்துக்கு அப்பாற்பட்டது.