ஈரெழுத்துக் கல்வெட்டும் இல்லாத மகளும்

ஒரு நூலுக்கு மூலம் ஒன்றும் உரை ஐந்தும் இருந்தால் அதைச் செவ்வியல் நூல் என்கிறோம். ஓர் இசைத்தட்டுக்கு மூலம் ஒன்று, அச்சுகள் நூற்றுக்கணக்கில், அச்சுக்கு ஒரு சண்டை என்று இருந்தால் அதற்கும் அந்தத் தகுதியைத் தந்துவிடலாம். 1969 அக்டோபர் 22 அன்று அட்லாண்டிக் நிறுவனம் எஸ்.டி. 8236 என்ற எண்ணில் அமெரிக்காவில் வெளியிட்ட ‘லெட் செப்பலின் 2’ இவ்வகையில் முதன்மையானது. அந்த டிசம்பரில் பீட்டில்ஸின் ‘அபே ரோடு’ ஆல்பத்தை முதலிடத்திலிருந்து இறக்கியது, அமெரிக்காவில் மட்டும் 1 கோடியே 20 லட்சம் படிகளுக்குச் சான்று பெற்றது என்பதெல்லாம் இத்துறை அறிஞர்களுக்கு ஒரு பொருட்டில்லை. அவர்களுடைய வினா ஒன்றே: அவற்றுள் எந்தப் படி?

இவ்வறிஞரை அடையாளம் காண்பது எளிது. வீட்டில் இந்த ஒரே ஆல்பத்துக்கு ஒன்பது படிகள் வைத்திருப்பார். ஒன்பதும் வேறுவேறாக ஒலிக்கும் என்பார். வீட்டார் எல்லாம் ஒன்றுதான் என்பார்கள். முதற் கூற்றைப் பழைய உரைகாரர் ஏற்பர், இரண்டாவதற்கு உரை கிடைக்கவில்லை (பழைய உரைகாரர், முன்னுரை, முன்னுரை நூலினும் நீண்டது).

மூலம் பிறந்த கதை ஆய்வாளருக்குச் சற்றுச் சங்கடமானது. 1969இல் லெட் செப்பலின் குழு இங்கிலாந்துக்கும் அமெரிக்காவுக்குமாகக் கச்சேரி கச்சேரியாக ஓடிக்கொண்டிருந்தது. கிடைத்த நாளில், கிடைத்த ஊரில் ஒலிப்பதிவு நடந்தது. லண்டனில் ஒலிம்பிக் ஸ்டூடியோ, லாஸ் ஏஞ்சலிஸில் மிரர் சவுண்ட், வான்கூவரில் குடிசை என்றே பேர் வாங்கிய ஓர் இடம். கடைசியில் குழுவின் கிட்டார் கலைஞர் ஜிம்மி பேஜும் ஒலிப்பதிவாளர் எடி கிரேமரும் நியூயார்க்கின் ஏ அண்ட் ஆர் ஸ்டூடியோவில் உட்கார்ந்து, 12 சேனல் மட்டுமே கொண்ட ஒரு பழைய ஆல்டெக் கலவை மேசையில், இரண்டே நாளில் எல்லாவற்றையும் கலந்து முடித்தார்கள். அந்த இரண்டு நாள் வேலையைக் கேட்டு ஒரு முடிவுக்கு வர ஓர் ஆயுள் போதாது என்பது இத்துறையின் முதல் விதி.

டேப்பிலிருந்து தட்டு உண்டாவதற்கு ஒரு வம்சாவளி உண்டு. அலுமினியத் தகட்டின் மேல் பூசிய அரக்குப் பரப்பில் வெட்டுமுனை பள்ளம் கீறுகிறது. அதில் வெள்ளி பூசி, நிக்கல் படியவைத்து உரித்தால் ‘தந்தை’. தந்தையிடமிருந்து ‘தாய்’, தாயிடமிருந்து ஸ்டாம்பர், ஸ்டாம்பரை வைத்து அழுத்தினால் பிள்ளைகள். ஸ்டாம்பர் தேய்ந்துபோனால் தாயிடமிருந்து இன்னொன்று. குடும்பம் இவ்வளவு பெரிது என்றால் பங்காளிச் சண்டை வராமல் இருக்குமா?

‘செப்பலின் 2’இன் முதல் அரக்கை வெட்டியவர் ஸ்டெர்லிங் சவுண்டில் இருந்த பாப் லுட்விக். அப்போது அவருக்கு 24 வயது. ஜான் போனமின் டிரம்மையும் ஜான் பால் ஜோன்ஸின் பேஸையும் அடக்காமல், டேப்பில் இருந்த வேகத்தோடு அப்படியே இறக்கினார். கனத்த ஒலிக்குப் பள்ளம் அகலமாக ஆட வேண்டும். அதனால்தான் 1954இல் அமெரிக்க ஒலிப்பதிவுத் தொழில் சங்கம் வகுத்த ஆர்.ஐ.ஏ.ஏ. வளைவின்படி, வெட்டும்போது தாழ்ந்த ஒலியைக் குறைத்து உச்சத்தை ஏற்றி, கேட்கும்போது அதைத் திருப்பிப் போடுகிறார்கள். அவ்வளவு குறைத்த பிறகும் லுட்விக்கின் பள்ளங்கள் வெறிபிடித்து ஆடின. வேலை முடிந்ததும் லேபிளை ஒட்டிய வெற்றிடத்தில் தன் முதலெழுத்துகளைக் கீறினார்: ஆர்.எல்.

(போனம் வாசித்ததும் லுட்விக் என்ற நிறுவனத்தின் டிரம்தான். லுட்விக்கை அடித்தவர் ஒருவர், லுட்விக்காக வெட்டியவர் ஒருவர் என்ற நயத்தில் ஒரு முனைவர் பட்டத்துக்கு இடமிருக்கிறது. வழிகாட்டி சம்மதித்தால் பீத்தோவனையும் சேர்த்துக்கொள்ளலாம்.)

இனி மையச் சிக்கல். அட்லாண்டிக்கின் தலைவர் அகமது எர்டெகன் அந்தத் தட்டைத் தன் மகளிடம் கொடுத்தார், அவளுடைய மலிவு பிளேயரில் ஊசி துள்ளியது, உடனே பேஸைக் குறைத்து, ஒலியை நெருக்கி மறுபடி வெட்டச் சொன்னார்கள் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் வரலாறு. ஆர்.எல். படிகள் சிலவாகவும் மற்றவை பலவாகவும் போனது இப்படித்தான். வரலாற்றில் ஒரே ஒரு குறை. எர்டெகனுக்குப் பிள்ளைகளே இல்லை.

புறப்பொருள் இலக்கணத்தில் ‘மகள்மறுத்து மொழிதல்’ என்றொரு துறை உண்டு. பெண் கேட்டு வந்த வேந்தனுக்கு மகளைத் தர மாட்டேன் என்று தந்தை சொல்வது. இங்கே மகளே மறுக்கப்படுகிறாள்; இதற்கு முந்தையோர் துறை வகுக்கவில்லை. ஆகவே கட்சிகள் பிறந்தன. ‘துள்ளியது உண்மை, துள்ளியது என்றால் பிளேயர் உண்டு, பிளேயர் உண்டென்றால் அதை வைத்திருந்த மகளும் உண்டு’ என்பர் மகள்வாதியர். அண்ணன் நெசுஹியும் அதே நிறுவனத்தில் இருந்தவர் ஆதலின் அண்ணன் மகள் எனக் கொள்க என்பர் சமரசவாதியர். ‘மகள் என்பது மலிவு பிளேயருக்கு ஆகுபெயர்’ என்பர் இலக்கணியர். அது எந்த ஆகுபெயர் என்று கேட்டால் எழுந்து போய்விடுவர். முழுக் கதையுமே இடைச்செருகல் என்பாரும் உளர் (பெயர் அறியா உரைகாரர், ‘துள்ளல்’ என்ற பகுதி, அடிக்குறிப்பு 41, அதன் மறுப்பு, அடிக்குறிப்பு 42, இரண்டையும் எழுதியது ஒரே கை என்பது மையின் நிறத்தால் தெரிகிறது).

பிளேயரைப் பற்றிய ஆராய்ச்சி இதனினும் ஆழமானது. அதன் நிறுவனம், ஊசிக் கையின் எடை, அது நின்ற மேசையின் கால்கள் சமமா என்பன எதுவும் பதிவாகவில்லை. அக்காலத்து வீடுகளில் ஊசிக் கையின் மேல் ஒரு காசை வைத்துத் துள்ளலை அடக்குவது வழக்கம். அந்த வீட்டில் ஒரு காசு கிடைத்திருந்தால் மறுவெட்டே நடந்திருக்காது, கோடிக்கணக்கானோர் லுட்விக்கின் போனமையே கேட்டிருப்பார்கள் என்பது காசுவாதியர் துணிபு. பெரும் செல்வந்தர் வீட்டில் சில்லறை இல்லாமல் போனதே ராக் இசைக்கு நேர்ந்த பெருங்கேடு என்று அவர்கள் கண்ணீர் விடுவர் (காசுவாதியர் கூட்டறிக்கை, திருத்திய வடிவம், ‘காசு’ என்ற வாய்பாட்டில் முடிவதால் இது வெண்பாவே என்று வாதிடும் பின்னிணைப்புடன், பூச்சி அரித்த பகுதி நீங்கலாக). யாப்பியலார் இதில் தலையிட்டது பெரும் குழப்பம். செப்பல் ஓசை வெண்பாவுக்கு உரியது, துள்ளல் ஓசை கலிப்பாவுக்கு உரியது. செப்பலின் துள்ளினால் அது எப்பா? இவ்வினாவை முன்வைத்து நடந்த கருத்தரங்கில் தேநீர் நன்றாக இருந்ததாக மட்டும் தெரிகிறது.

ஒரு நூலின் காலத்தை ஆயிரம் ஆண்டு முன்னும் பின்னும் தள்ளிவைத்துப் பழகிய நம் புலவர்களுக்கு இந்தத் துறை உவப்பானது. ஆனால் கல்வெட்டு வாசிப்பில் அவர்கள் இங்கே மாணவரே.

செய்முறை இது. அறை விளக்கை அணைத்து, கைவிளக்கைத் தட்டின் விளிம்பை ஒட்டிச் சாய்த்துப் பிடிக்க வேண்டும். கடைசிப் பாட்டு முடிந்து லேபிள் தொடங்கும் வரை உள்ள வெற்று வளையத்தில் ஒரு நீண்ட எண்வரிசை கைக்கீறலாக ஓடும். தட்டை மெல்லச் சுழற்றினால், வேறொரு கோணத்தில், கொசுக்கால் பருமனில், சற்றுச் சாய்ந்து ஆர், பிறகு எல். ஸ்டெர்லிங்கைக் குறிக்க இரண்டு எஸ். மோனார்க் ஆலையின் படி என்றால் வட்டத்துக்குள் எம்.ஆர். லேபிளில் நியூயார்க் பிராட்வே 1841ஆம் எண் முகவரி இருக்க வேண்டும்; ராக்ஃபெல்லர் பிளாசா முகவரி வந்திருந்தால் காலம் பிந்தியது, விளக்கை அணைத்துவிடலாம். ஈரெழுத்தும் தெளிவாக இருந்து தட்டும் சுத்தமாக இருந்தால் விலை சில நூறு டாலரில் தொடங்கி ஆயிரத்தைத் தாண்டும். ஒரு தட்டுக்கும் இன்னொன்றுக்கும் உள்ள வேற்றுமையைச் செவியால் அறிவதே இத்துறையின் நோக்கம் என்பர். எல்லோரும் முதலில் எடுப்பது கைவிளக்கைத்தான்.

பிற பாடங்களைச் சுருங்கக் காண்போம். ஜப்பான் அச்சு: அமைதியானது, போனமும் சேர்த்தே. 2000ஆம் ஆண்டையொட்டி பெர்னி கிரண்ட்மன் வெட்டிய கிளாசிக் ரெக்கார்ட்ஸ் அச்சு: கனமானது, தபால் செலவு அதைவிட. ஜிம்மி பேஜ் மேற்பார்வையில் 2014இல் வந்த அச்சு: எளிதில் கிடைப்பதால் அறிஞர்கள் இதுபற்றிப் பேசுவதில்லை. சில இங்கிலாந்து அச்சுகளில் ‘தி லெமன் சாங்’ என்ற பாடல் ‘கில்லிங் ஃப்ளோர்’ என்று அச்சாகியிருக்கிறது. ப்ளூஸ் பாடகர் ஹவுலின் உல்ஃபின் அந்தப் பழைய பாடலை அவருக்குப் பெயர் போடாமல் எடுத்தாண்டதற்காக, அதன் பதிப்புரிமை நிறுவனமான ஆர்க் மியூசிக் 1972இல் வழக்கும் தொடுத்தது. பாடபேதத்துக்குள் வக்கீல் நுழைந்தது சுவடியியலில் அரிது.

ஒரே பக்கத்துக்குள்ளும் வேற்றுமை உண்டு. தட்டு நிமிடத்துக்கு 33⅓ சுற்று மாறாமல் சுழலும். வெளி விளிம்பில் ஊசிக்கு அடியில் விநாடிக்கு 50 சென்டிமீட்டர் பள்ளம் ஓடுகிறது. லேபிளை நெருங்கும்போது 21 சென்டிமீட்டர்தான். அதே ஒலியைப் பாதிக்கும் குறைவான இடத்தில் அடைக்க வேண்டியிருப்பதால் கடைசிப் பாட்டான ‘பிரிங் இட் ஆன் ஹோம்’ எந்த அச்சிலும் கொஞ்சம் கரகரக்கும். இது இயற்பியல். அறிஞர்கள் இதை ‘வெதுவெதுப்பு’ என்பர்.

ஒப்பீட்டுக்குரிய உரைகல் ‘ஹோல் லாட்டா லவ்’ பாடலின் பிற்பகுதி. ராபர்ட் பிளான்ட் பாடுவதற்குச் சற்று முன் அதே வரி தூரத்திலிருந்து ஆவி போலக் கேட்கும். அந்தக் குரல் எவ்வளவு ஆழத்திலிருந்து வருகிறது என்பதை வைத்தே அச்சுகளுக்குத் தரம் பிரிப்பார்கள். பிளான்ட் முன்னர் பாடிய ஒரு பதிவு டேப்பில் கசிந்து நின்றுவிட்டது, அதை நீக்க வழி தெரியவில்லை, ஆகவே எதிரொலியைச் சேர்த்துவிட்டோம் என்று கிரேமர் பின்னாளில் சொல்லியிருக்கிறார். அழிக்க முடியாத அழுக்கு யாருடைய படியில் அதிகத் தெளிவாகக் கேட்கிறதோ அவரே மேலோர்.

2022 ஜூலையில் துறைக்கு ஒரு சோதனை வந்தது. உயர்தர மறுவெளியீடுகளுக்குப் பேர்போன மொபைல் ஃபிடெலிட்டி நிறுவனம், 2011இலிருந்தே பல தட்டுகளில் மூல டேப்பை நேரே வெட்டாமல் நடுவில் டிஜிட்டல் பிரதி எடுத்துக்கொண்டு வந்தது வெளியாயிற்று. டிஜிட்டல் என்றால் மூன்றாவது நொடியில் காது வலிக்கும் என்று எழுதி வந்தவர்கள், பதினோரு ஆண்டு அதே தட்டுகளுக்கு முழு மதிப்பெண் போட்டிருந்தார்கள். வழக்கு நடந்தது, சமரசமும் ஆயிற்று. சிலர் தமக்கு அப்போதே ஏதோ உறுத்தியது என்றனர் (உறுத்தல் நினைவுக்கு வந்த தேதி குறிக்கப்படவில்லை). வேறு சிலர் தங்கள் படியை மறுபடி கேட்டு, நேற்று இருந்த ஆழம் இன்று இல்லை என்று கண்டறிந்தனர். தட்டு அப்படியேதான் இருந்தது என்ற எதிர்வாதம், ஆய்வுமுறை அறியாதோர் கூற்று என்று தள்ளப்பட்டது.

ஒரு பக்கத்தில் மட்டும் ஆர்.எல். உள்ள படிக்கு விலை பாதியா முக்காலா என்பதை அடுத்த தொகுதியில் காண்க. அத்தொகுதி அட்டையையும் ஆராயும். முதல் உலகப் போரில் ரிக்டோஃபென் படைப்பிரிவு விமானிகள் நின்ற ஒரு புகைப்படத்தில் குழுவினர் முகங்களை ஒட்டி அட்டையை அமைத்தவர் டேவிட் ஜூனிபர். அதில் நீல் ஆம்ஸ்ட்ராங் என்று பலர் காட்டும் முகம் வேறொரு விண்வெளி வீரரான ஃபிராங்க் போர்மனுடையது என்று ஜூனிபரே சொல்லிவிட்டார். ஆம்ஸ்ட்ராங் கட்சியினர் ஒப்பவில்லை. அச்சு தெளிவாக உள்ள முதல் பதிப்பு அட்டையில் பார்த்தால் ஆம்ஸ்ட்ராங்தான் தெரிகிறார் என்கிறார்கள். உள்ளே ஆர்.எல். தட்டு இருந்தால் இன்னும் தெளிவாகத் தெரிகிறாராம்.