தொடை மட்டும் போதும், தம்பி

சுடிதார் பாட்டம் கிழிந்தால் வாங்கின கடையைத் திட்டுவது வழக்கம். நானும் இரண்டு கடைகளைத் திட்டி முடித்திருந்தேன். மூன்றாவது பாட்டமும் அதே இடத்தில், உள்தொடையில், இரண்டு பக்கமும் பத்து ரூபாய் நாணயம் அகலத்துக்கு நைந்தபோதுதான் சந்தேகம் வந்தது. தெருமுனையில் தைக்கும் பெண் அதை வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தாள். துணி வழியாக எதிர்ச்சாரி டீக்கடை தெரிந்தது.

"துணி நல்ல துணிதான்க்கா" என்றாள், வாயில் குண்டூசியோடு. "நடக்கறப்போ ரெண்டும் உரசுதில்ல..."

எவ்வளவு நாகரிகமாக "ரெண்டும்" என்றாள் என்று வியந்தபடி, வீடு வரை உரசிக்கொண்டே நடந்தேன்.

தொடை மெலிய வழி என்று போனில் தேடினால் வரிசையாகப் பெண்கள் வந்து காலைத் தூக்கிக் காட்டுகிறார்கள். அவர்களில் ஒருத்திக்கும் தொடையே கிடையாது. முழங்கால் நேராக இடுப்பில் போய் முடிகிறது. இல்லாத ஊருக்கு வழி சொல்கிறவர்களை நம்பி என்ன பயன் என்று, நாற்பத்தேழு வயதில் ஜிம்மில் சேர்ந்தேன். மாதம் 1,500 ரூபாய். மாஸ்டர் என் பெரிய மகனைவிடச் சின்னவன்.

"என்ன குறையணும் மேடம்?"

"தொடை மட்டும் போதும், தம்பி."

பிரியாணிக் கடையில் லெக் பீஸ் கேட்கிற தொனி அதில் இருந்தது, எனக்கே கேட்டது. "அது மட்டும் தனியா குறையாது மேடம்" என்றான். நல்ல பையன், உண்மையைத்தான் சொன்னான். பணத்தை எண்ணி வாங்கிய பிறகு சொன்னான்.

முதல் நாள், "இன்னிக்கு லஞ்ச் மூணு செட்" என்றான். ஒரு வேளைக்கு மூன்று செட்டா, இது நமக்கு ஏற்ற ஜிம்தான் என்று நினைத்தேன். ஒரு காலை முன்னால் நீட்டி வைத்து, பின்கால் முட்டி தரையைத் தொடும்வரை தாழ்ந்து எழுவதற்குப் பெயரும் லஞ்ச்தானாம். அடுத்தது ஸ்குவாட். இல்லாத நாற்காலியில் உட்கார்ந்து எழுவது. வீட்டில் அதைச் செய்து பார்த்தபோது மாமியார் பூ கட்டுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார்.

"இதுக்கா ஆயிரத்தி ஐந்நூறு? பிள்ளையார் கோயில்ல சும்மாதானேம்மா போட விடறாங்க."

தோப்புக்கரணம் என்பதே 'தோர்பி கர்ணம்', கையால் காதைப் பிடிப்பது என்பதிலிருந்து வந்தது என்பார்கள். பிள்ளையார் விளையாட்டாக வாயில் போட்டுக்கொண்ட சக்கரத்தை வாங்க, பெருமாளே காதைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து எழுந்தாராம். பிள்ளையாருக்குச் சிரிப்பு தாங்காமல் சக்கரம் வெளியே விழுந்துவிட்டதாம். பீரோக் கண்ணாடியில் என்னைப் பார்த்த பிறகு அந்தக் கதையில் எனக்கு எந்தச் சந்தேகமும் இல்லை.

இந்த லட்சணத்தில் இரண்டு வாரம் ஓடியது. "படி ஏறினா தொடைக்கும் நல்லது, புண்ணியமும்கூட" என்று கணவர் திருத்தணிக்குக் கூட்டிப்போனார். வருஷத்துக்கு 365 நாள் என்ற கணக்கில் அங்கே 365 படி. ஜனவரி சுகமாகப் போனது. ஏப்ரலில் மூச்சு வாங்கியது. ஆகஸ்டில் உட்கார்ந்து மோர் குடித்தேன். டிசம்பர் 31-ல் முருகன் நின்றார். கண்ணில் நீரோடு கும்பிட்டேன். பக்தி என்று கணவர் நினைத்துக்கொண்டார்.

இறங்கும்போதுதான் விபரீதம். ஜூலை வரை சமாளித்தேன். மார்ச்சில் முழங்கால் தந்தியடிக்க ஆரம்பித்தது. இறங்குகிறபோது தொடைத் தசை நீண்டுகொண்டே உடம்பைத் தாங்க வேண்டியிருப்பதால், ஏறுவதைவிட இறங்குவதில்தான் அதன் நார்கள் நுணுக்கமாகக் கிழிகின்றனவாம். வலியும் உடனே வராது. இரண்டாம் நாள், மூன்றாம் நாள் பார்த்து வரும், ஊருக்குப் போய்விட்டுச் சாவகாசமாக வருகிற கடன்காரன் மாதிரி.

எங்கள் வீட்டில் வெஸ்டர்ன் டாய்லெட் மாமியாருக்கு. மற்றவர்களுக்கு இந்தியன். செவ்வாய்க்கிழமை காலை உள்ளே போய் உட்கார்ந்தேன். அதில் கஷ்டமில்லை, பாதியிலிருந்து உடம்பு தானாக விழுந்தது. எழுந்திருக்கத்தான் ஆளில்லை. வலது கையைச் சுவரில் ஊன்றினேன், டைல்ஸ் வழுக்கியது. இடது கையால் குழாயைப் பிடித்து எழும்பினேன். குழாய் திறந்துகொண்டது. பாதி எழுந்த நிலையில், ஒரு கையில் குழாயும் மேலெல்லாம் தண்ணீருமாக, "முருகா!" என்றேன். வெளியிலிருந்து கணவர், "இன்னும் அந்தக் கோயில் நினைப்பா?" என்றார்.

ஆனாலும் விடவில்லை. நான்கு மாதத்தில் நான்கு கிலோ குறைந்தேன். எங்கிருந்து குறைந்தது என்பதுதான் வழக்கு. முதலில் கன்னம் போனது. அப்புறம் வளையல் கழன்றது, மோதிரம் மாவு பிசையும்போது மாவோடு போனது. பூக்காரம்மா "சுகராம்மா?" என்றார். அலுவலகத்தில் பக்கத்து சீட்டுக்காரி தைராய்டு டெஸ்ட்டுக்குத் தள்ளுபடி தரும் லேப் விலாசத்தை எழுதியே கொடுத்தாள். ஒரு கல்யாணத்தில் சித்தி என்னைத் தூண் மறைவுக்கு இழுத்துப்போய், "வீட்ல ஏதாச்சும் பிரச்சினையாடி?" என்று கேட்டார். தொடையைக் குறைக்கிறேன் சித்தி என்று மேளச் சத்தத்துக்கு மேல் கத்தவா முடியும்?

1984-ல் அமெரிக்காவில் ஒரு ஆராய்ச்சிக்காகச் சில ஆண்களை 27 நாளில் ஆளுக்கு 5,004 சிட்-அப் எடுக்க வைத்திருக்கிறார்கள். நாம் மொய்க்கு ஒரு ரூபாய் சேர்ப்போம், அவர்கள் நாலாகச் சேர்த்துவிட்டார்கள். பிறகு வயிறு, முதுகு, பிட்டம் மூன்று இடத்திலும் கொழுப்புச் செல்லை எடுத்து அளந்தால், வயிற்றுக்கென்று தனிச் சலுகை எதுவும் இல்லை, எல்லா இடத்திலும் ஒரே மாதிரிதான் சுருங்கியிருந்தது.

யோசித்தால் நியாயம்தான். கல்யாண வீட்டில் அடுப்பு எங்கே எரிகிறதோ அதன் பக்கத்திலிருக்கிற மூட்டையையா முதலில் பிரிப்பார்கள்? ஸ்டோர் ரூம் சாவி வைத்திருக்கிறவர் எடுத்துக் கொடுக்கிற மூட்டையைத்தான். பெண்ணுடம்பில் சாவி பெரும்பாலும் ஹார்மோன் கையில். பிள்ளை பெறவும் பால் கொடுக்கவும் வேண்டுமே என்று இடுப்பிலும் தொடையிலும் சேர்த்து வைக்கிற கைகாரி அவள், லேசில் தரமாட்டாள். என் கடைக்குட்டி ப்ளஸ் டூ படிக்கிறான். தொடைக்கு இன்னும் தகவல் போய்ச் சேரவில்லை.

ஒன்று சொல்ல வேண்டும், இப்போது திருத்தணிப் படியை மோர் குடிக்காமல் ஏறுகிறேன். குழாயைத் தொடுவதில்லை.

போன வாரம் புதுத் துணியோடு தையல்காரப் பெண்ணிடம் போனேன். டேப்பை இடுப்பில் சுற்றியவள் நிமிர்ந்தாள். "அக்கா! ரெண்டு இன்ச் போயிருக்கு!"

"தொடை?"

சுற்றினாள். டேப்பை நழுவவிட்டு மறுபடி சுற்றினாள். நோட்டைப் புரட்டிப் பழைய அளவைப் பார்த்தாள். "கால் இன்ச்சுக்கா" என்றாள். கொஞ்சம் பொறுத்து, "அன்னிக்கு கெட்டித் துணி போட்டிருந்தீங்களோ என்னவோ" என்றாள்.

நான் ஒன்றும் சொல்லவில்லை. அவளாகவே, "தைக்கறப்பவே உள்பக்கம் ஒரு ஒட்டு வச்சுடவா? முப்பது ரூபா ஆகும், ரெண்டு வருஷம் தாங்கும்" என்றாள். பிறகு தெருவை ஒருமுறை பார்த்துக்கொண்டு, தன் டாப்பின் ஓரத்தை லேசாக ஒதுக்கிக் காட்டினாள். உள்தொடையில், சாய்சதுரமாக, பொடித் தையலில் அழகான ஒட்டு. கறுப்பு பாட்டத்துக்கு மெரூன் துணி.

"இதே கலர்ல இருக்கா?" என்று கேட்டேன்.