ஒரு சோறு பதம்

சட்டைப் பொத்தான் அளவு எஃகை அமுக்கிப் பார்த்துவிட்டு, அணு உலை எஃகின் பலத்தைச் சொல்கிறார்களாமே! நம்பலாமா?
(வாசகி, திருக்கழுக்குன்றம்)

சோறு வெந்ததா என்று பார்க்க நீங்கள் பானையைக் கவிழ்ப்பீர்களா? 8 மி.மீ. விட்டம், அரை மி.மீ. கனமுள்ள வில்லை. விளிம்பை இறுகப் பிடித்து, நடுவில் 2.5 மி.மீ. குண்டை வைத்து மெல்ல அழுத்துவார்கள். வில்லை குழிந்து குல்லாய் போலாகி, கடைசியில் கிழியும். நல்ல எஃகு உச்சியைச் சுற்றி வட்டமாகக் கிழியும். நியூட்ரான்களால் அடிபட்டு நொறுங்கும் குணம் வந்த எஃகு நட்சத்திரமாக வெடிக்கும். எனக்கு இது அழகான சோதனை. ஆனால் பற்றவைத்த இடத்துக்குத் தனி வில்லை வேண்டும். பெரிய துண்டுச் சோதனையோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகே கணக்கு செல்லும்.

எவ்வளவு நேரம் பிடிக்கும்?

அழுத்துவதற்கு, டீ ஆறும் நேரம். வில்லையை வெட்டித் தேய்த்துப் பதப்படுத்தத்தான் பொறுமை வேண்டும்.

பெரிய துண்டாகவே எடுத்தால் என்ன குறைந்துவிடும்?

குறையாது, கூடும்: கதிர்வீச்சு! உலைக்குள் பல ஆண்டு கிடந்த எஃகு தானே கதிர் வீசும். துண்டு சிறுத்தால், கையாளும் ஊழியருக்கு ஆபத்தும் சிறுக்கும். ஓங்கி அடித்து உடைத்துப் பார்க்கும் வழக்கமான ‘சார்ப்பி’ சோதனைத் துண்டு 55 மி.மீ. நீளம், 10 மி.மீ. சதுரம், அந்த ஒன்றின் எடை 200 வில்லைகளுக்கு மேல். உங்கள் பக்கத்து ஊரான கல்பாக்கத்தில், இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையத்திலும் இந்தச் சிறு துண்டுச் சோதனைகள் நடக்கின்றன.