காற்றுக்குக் கப்பம்

மின்சாரக் கார் வாங்கிய மெல்போர்ன் தமிழனுக்கு முதலில் வருகிற வியாதி, கேட்காதவர்களிடமும் பெட்ரோல் விலையைப் பேசுவது. அது முற்றினால் காருக்குப் பின்னால் எதையாவது கட்டி இழுத்துப் பார்க்கத் தோன்றும். எனக்கு முற்றியது. சின்னதாக ஒரு கேம்பிங் ட்ரெய்லர் வாங்கினேன். 750 கிலோவைத் தாண்டினால் ட்ரெய்லருக்கே தனியாகப் பிரேக் வேண்டும் என்பது இங்குள்ள சட்டம். தாண்டாமல் பிரேக் காசை மிச்சம் பிடித்ததில் எனக்கு அப்படியொரு பெருமிதம். அந்தப் பெருமிதத்தின் விலையாக மாமியாரின் கிரைண்டர் வீட்டிலேயே தங்கிவிட்டது.

ட்ரெய்லர் எடையில் சுமார் பத்தில் ஒரு பங்கு காரின் கொக்கிக் குண்டில் இறங்க வேண்டும். குறைந்தால் நெடுஞ்சாலையில் வாலை ஆட்டும். அதை அளக்கக் குளியலறை எடைப்பொறியே போதும். ட்ரெய்லரின் மூக்கை அதன்மேல் இறக்கினேன், 48. பின்னாலிருந்த அரிசி மூட்டையை முன்னுக்கு இழுத்தேன், 57. பழக்கதோஷத்தில் நானும் ஒருமுறை ஏறி நின்றேன். சாமான்களில் எதைக் குறைப்பது என்ற என் பேச்சு அதோடு நின்றுபோயிற்று.

இழுப்பதில் மோட்டாருக்கு ஒரு குறையும் இல்லை. பாக்கஸ் மார்ஷ் தாண்டி பென்ட்லண்ட் ஹில்ஸ் ஏற்றத்தில் டீசல் வண்டிகள் முக்கி முனக, நாங்கள் சத்தம் காட்டாமல் ஏறினோம். அந்தச் சில நிமிடங்களுக்காகத்தான் மனுஷன் இதை வாங்குகிறான். எடையைச் சுமந்து ஏறிய செலவில் கொஞ்சம் இறக்கத்தில் திரும்பி வரும். நாணயமான கடன்காரன் அது. காற்று அப்படியில்லை, வாங்கினது வாங்கினதுதான். தனியாக ஓடும்போது 100 கிலோமீட்டருக்கு 17 யூனிட் குடிக்கிற கார், இந்தப் பெட்டியைக் கட்டியதும் 32 குடித்தது. போக வேண்டிய ஹால்ஸ் கேப், கிராம்பியன்ஸ் மலையடிவாரத்தில், சுமார் 250 கிலோமீட்டர். என் பேட்டரியோ 75 யூனிட். கணக்குப் போட்டுப் பாருங்கள், நான் போட்டு வியர்த்துவிட்டேன்.

காற்றுத் தடை வேகத்தின் வர்க்கத்தில் ஏறும். 100-லிருந்து 80-க்கு இறங்கினால் கிலோமீட்டருக்குக் காற்று பிடுங்குவது 36 சதவீதம் குறையும். இதைக் குடும்பத்துக்கு விளக்கியபடியே 80-க்கு இறக்கினேன். ஆடு ஏற்றிய லாரி ஒன்று எங்களை முந்தியது. ஆடுகள் எல்லாம் எங்களைத் திரும்பிப் பார்த்துக்கொண்டே போயின.

பல்லாரட்டில் சார்ஜ் போட நிறுத்தினோம். சார்ஜர் முன்னால் ஒற்றைக் கார் நிற்கத்தான் இடம். வாலோடு வருகிறவனை யாரும் நினைத்துப் பார்க்கவில்லை. சங்கிலியைக் கழற்று, விளக்கு பிளக்கைப் பிடுங்கு, ஜாக்கி வீலைச் சுற்றி இறக்கு, பிடியைத் தூக்கு. 'டக்'கென்று மூக்கு விடுபட்டதும் தள்ளிக்கொண்டு போய் ஓரமாக நிறுத்தி, சக்கரத்துக்குக் கட்டை கொடு. காவலுக்கு மாமியாரைப் பிளாஸ்க்கோடு மடக்கு நாற்காலியில் உட்காரவைத்தேன். திரும்பி வந்தபோது ஒரு வெள்ளைக்காரர் காப்பி என்ன விலை என்று கேட்டுக்கொண்டிருந்தார். மாமியார் ஏற்கெனவே ஒரு டம்ளர் ஊற்றிக் கொடுத்தாயிற்று. எனக்குத்தான் மிச்சமில்லை.

அராராட் பக்கம் மேல்காற்று முகத்தில் அறைந்தது. அங்கே 75 காற்றாடிகள் கொண்ட பெரிய காற்றாலைப் பண்ணை இருக்கிறது. நாகர்கோவில்காரரான மாமியார் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"அப்படியே நம்ம முப்பந்தல் மாதிரியே இருக்கு. இதுல வர்ற கரண்ட்தானா காருக்கு?"

"இதுவும் கலந்து வரும் அத்தை."

"காத்து அடிச்சா காருக்கு?"

"பேட்டரி சீக்கிரம் இறங்கும்."

கொஞ்ச நேரம் யோசித்தார். "காத்துல எடுத்த கரண்ட்டக் காசு குடுத்து வாங்கி, அதக் காத்துக்கே திருப்பிக் குடுத்துட்டுப் போறீங்க. பொறவு வண்டி எதுல மாப்ளே ஓடுது?"

நான் தொண்டையைச் செருமினேன். மனைவி அவசரமாகப் பின்னால் திரும்பினாள்.

"அம்மா, சும்மா இரு. அவரு விளக்க ஆரம்பிச்சா 70-க்கு இறக்கிடுவாரு."